குடும்ப நாடகமும் நவீன மேடையும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

குடும்ப நாடகம்னு எத சொல்றீங்க? டிவி சீரியல் மாதிரியா?

சீரியல் பத்தி பின்னாடி வரேன். இங்க சொல்றது மேடை நாடகம், அதுவும் 1870-கள் கடைசிலேர்ந்து எழுதுனது. ஒரு வீடு, பெரும்பாலும் ஒரே ஒரு ரூம், அதுக்குள்ள புருஷன் பொண்டாட்டி, அப்பா புள்ளைங்க, அக்கா தங்கச்சிங்க, ரொம்ப நாள் கழிச்சு திரும்பி வந்த யாரோ ஒருத்தர், வருஷக்கணக்கா யாரும் வாயத் தொறந்து பேசாத ஒரு விஷயம். அது ஒரு ராத்திரிலயோ ரெண்டு மூணு நாள்லயோ வெளிய வந்துடுது. அவ்ளோதான் அமைப்பு. இவ்ளோ சின்ன அமைப்புக்குள்ள நூத்தம்பது வருஷமா பெரிய பெரிய நாடக ஆசிரியர்கள் திரும்பத் திரும்ப வந்து நிக்கிறாங்கன்னா அதுல என்னமோ இருக்கு இல்லயா, அது என்னன்னு சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

பழைய நாடகங்கள்லயே குடும்பச் சண்டை இருந்துச்சே, இதுல என்ன புதுசு?

இருந்துச்சு, நெறையவே. கி.மு. 458-ல ஏதென்ஸ்ல போட்ட ஈஸ்கிலஸோட ஒரெஸ்டையாவுல பொண்டாட்டி புருஷன கொல்றா, மகன் அம்மாவ கொல்றான். அரிஸ்டாட்டிலும் இதத்தான் சொல்றார், எதிரி எதிரிய கொன்னா நமக்கு பெருசா ஒண்ணும் ஆகாது, அண்ணன் தம்பிய கொல்லப் போறான், மகன் அம்மாவ கொல்லப் போறான்னாதான் மனசு பதறும்னு. ஷேக்ஸ்பியரோட லியர் அரசன் கதையும் அப்பா பொண்ணுங்களுக்கு சொத்து பிரிக்கிற கதைதான். ஆனா இதெல்லாம் ராஜ குடும்பம். அவங்க வீட்டுல விரிசல்னா நாட்டுக்கே விரிசல். சாதாரண ஆளு வீட்டுல நடக்குறது காமெடிக்கு மட்டும்தான் சரிப்படும்னு ரொம்ப காலம் நெனச்சுட்டு இருந்தாங்க. 1750-கள்ல பிரான்ஸ்ல டிடரோங்கற எழுத்தாளர் வந்து நடுத்தர வர்க்கத்து அப்பாவோட கவலையையும் சீரியஸா மேடை ஏத்தலாம்னு வாதாடி, 1758-ல குடும்பத் தலைவர்னே ஒரு நாடகத்தையும் வெளியிட்டார். ஆனா அந்த வாசல் முழுசா தொறக்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

ஏன் எல்லாரும் 1879-ல இருந்தே ஆரம்பிக்கிறாங்க?

ஏன்னா அந்த வருஷம் டிசம்பர் 21 அன்னிக்கு கோபன்ஹேகன்ல ராயல் தியேட்டர்ல நார்வே நாடக ஆசிரியர் இப்சனோட பொம்மை வீடு மேடை ஏறுச்சு. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி புத்தகமா வந்து 8000 காப்பி ஒரே மாசத்துல தீந்து போச்சு, நாடகப் புத்தகத்துக்கு அது எவ்ளோ பெரிய எண்ணிக்கைன்னு யோசிச்சுப் பாருங்க.

கதை தெரியாதவங்களுக்கு: நோரா, கல்யாணமாகி எட்டு வருஷம், மூணு கொழந்தைங்க. புருஷன் டோர்வால்ட் புதுசா பேங்க் மேனேஜர் ஆகப் போறான். சில வருஷம் முன்னாடி அவன் உயிருக்கே ஆபத்தா இருந்தப்ப, தெற்க இத்தாலி பக்கம் கூட்டிட்டு போனாதான் பொழைப்பான்னு டாக்டருங்க சொன்னதால இவ அவனுக்கு தெரியாம கடன் வாங்கிருக்கா. புருஷன் சம்மதம் இல்லாம பொண்டாட்டி கடன் வாங்க முடியாத காலம் அது. அப்பா ஜாமீன் கையெழுத்து போடணும், அப்பா சாகக் கெடக்குறார், அவர தொந்தரவு பண்ண மனசு வரல, இவளே அவர் கையெழுத்த போட்டுட்டா. இப்ப கடன் குடுத்த க்ரோக்ஸ்டாட் வீட்டுக்கே வந்து ரொம்ப அமைதியா கேக்குறான், உங்க அப்பா எந்த தேதில இறந்தாருன்னு. செப்டம்பர் 29. பத்திரத்துல அவர் கையெழுத்துக்கு பக்கத்துல அக்டோபர் 2-ன்னு இருக்கு. செத்து மூணு நாள் கழிச்சு ஒருத்தர் எப்டிம்மா கையெழுத்து போட்டார்? இங்க கத்தியும் இல்ல விஷமும் இல்ல, ஒரு தேதிதான், ஆனா அந்த தேதில ஒரு கல்யாணமே கவுந்துடுது.

உண்மை வெளிய வந்ததும் டோர்வால்ட் அவள நாக்கூசாம திட்றான், கொழந்தைங்கள வளக்க லாயக்கில்லங்கறான். கொஞ்ச நேரத்துல க்ரோக்ஸ்டாட் பத்திரத்த திருப்பி அனுப்பிடுறான். டோர்வால்ட் சந்தோஷத்துல கத்துற வார்த்தை என்ன தெரியுமா, நான் தப்பிச்சேன், நோரா, நான் தப்பிச்சேன். அவ கேக்குறா, அப்ப நான்? அந்த ரெண்டே வார்த்தை போதும். அதுக்கப்புறம் அவ பார்ட்டி டிரஸ்ஸ கழட்டிட்டு சாதாரண துணி மாத்திட்டு வந்து அவன மேஜைக்கு எதிர்ல உக்கார வெச்சு, எட்டு வருஷத்துல நாம ஒரு தடவ கூட சீரியஸா உக்காந்து பேசுனதில்லன்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் பேசிட்டு வீட்ட விட்டு போயிடுறா. அதுவரைக்கும் கிளைமாக்ஸ்னா கொலை, தற்கொலை, இல்ல எல்லாரும் சேந்துடறது. மேஜைக்கு ரெண்டு பக்கம் உக்காந்து பேசுறதே கிளைமாக்ஸ் ஆனது இந்த எடத்துலதான்.

முடிவ மாத்தி எழுதுனாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை, மாத்துனது இப்சனேதான். ஜெர்மனில ஹெட்விக் நீமான்-ராபேன்னு ஒரு பெரிய நடிகை, என் கொழந்தைங்கள விட்டுட்டு நான் போக மாட்டேன், அதனால அப்டி நடிக்கவும் மாட்டேன்னு சொல்லிட்டாங்க. காப்பிரைட் பாதுகாப்பு சரியா இல்லாத காலம், இவர் எழுதலன்னா வேற யாராச்சும் கண்டபடி மாத்திடுவாங்க, அதனால இவரே ஒரு முடிவு எழுதிக் குடுத்தார். அதுல டோர்வால்ட் அவள கொழந்தைங்க தூங்குற ரூம் வாசல் வரைக்கும் இழுத்துட்டு போறான், அவ அப்டியே சரிஞ்சு விழறா, திரை. தன் நாடகத்துக்கு செஞ்ச காட்டுமிராண்டித்தனம்னு இப்சனே அத பத்தி சொன்னார், அந்த முடிவு நெலைக்கவும் இல்ல.

இந்த மாதிரி நாடகங்களால நெஜமா சமூகத்துல ஏதாச்சும் மாறுச்சா?

இதுக்கு கொஞ்சம் நிதானமா பதில் சொல்லணும். நார்வேல கல்யாணமான பொண்ணுங்களுக்கு சொந்தமா பணம் சொத்து வெச்சுக்குற உரிமை தர்ற சட்டம் 1888-ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி 1884-ல இந்த உரிமைய கேட்டு போன மனுவுல இப்சனும் கையெழுத்து போட்ருக்கார். ஆனா நாடகத்தாலதான் சட்டம் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், பெண்கள் அமைப்புகள் வருஷக்கணக்கா போராடுனத ஒரு நாடகத்து கணக்குல எழுதுறது நியாயமில்ல. இப்சனே 1898-ல பெண்ணுரிமை சங்கத்து விருந்துல பேசுறப்ப, நான் அந்த இயக்கத்துக்காக திட்டம் போட்டு எழுதல, மனுஷங்கள பத்தி எழுதுனேன்னுதான் சொன்னார்.

நாடகம் செஞ்சது வேற. பேச வார்த்தை குடுத்துச்சு. ஜப்பான்ல 1911-ல மட்சுயி சுமாகோ நோராவா நடிச்சாங்க, பொண்ணுங்களே நடத்துன செய்தோ பத்திரிகை 1912 ஜனவரில பொம்மை வீட்டுக்குன்னே தனிப் பகுதி போட்டுச்சு. சீனாவுல 1918-ல புதிய இளைஞர் பத்திரிகை இப்சனுக்கு ஒரு சிறப்பிதழே போட்டுச்சு, வீட்ல பாத்து வெச்ச கல்யாணத்த மறுத்து வெளிய வர்ற பொண்ணுங்களுக்கு நோராங்கறது அடையாளப் பேராவே ஆயிடுச்சு. 1935-ல ஷாங்காய்ல நோராவா நடிச்சவங்கள்ல ஒருத்தர் பின்னாடி மாவோவோட மனைவியான ஜியாங் சிங்.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமா படுறது சீன எழுத்தாளர் லூ சுன் 1923 டிசம்பர்ல பெய்ஜிங்ல ஒரு பெண்கள் கல்லூரில பேசுன பேச்சு. தலைப்பே நோரா வெளிய போனதுக்கப்புறம் என்ன ஆகுங்கறதுதான். அவர் சொன்னது, ஒண்ணு அவ சீரழிஞ்சு போவா, இல்ல திரும்பி வருவா, ஏன்னா அவ பையில பணம் இல்ல. கனவு காண சொல்றதுக்கு முன்னாடி பொருளாதார உரிமைய கேளுங்கன்னார். கை தட்டி கொண்டாடிட்டு இருந்த நேரத்துல, அதுவும் அந்தப் பொண்ணுங்க முன்னாடியே, இத சொல்ல எவ்ளோ அக்கறை வேணும். ஒரு நாடகம் இப்டி ஒரு கேள்விய கெளப்பி விட்டா அதோட தாக்கம்னு நான் அதத்தான் சொல்வேன்.

தடை கிடை எல்லாம் வந்துச்சா?

வராம இருக்குமா. இப்சனோட அடுத்த நாடகம் பேய்கள் 1881-ல புத்தகமா வந்தப்ப ஸ்காண்டிநேவியாவுல பெரிய தியேட்டர் எதுவும் தொட மாட்டேன்னுடுச்சு. அப்பாவோட ஒழுக்கக்கேட்டால வந்த நோய் மகன் ஒடம்புல இருக்கு, அம்மா அத்தன வருஷமும் குடும்ப கவுரவத்துக்காக எல்லாத்தையும் மூடி வெச்சுருக்கா, கதை அதான். முதல் தடவ அது மேடை ஏறுனது 1882-ல சிகாகோல, அங்க குடியேறுன ஸ்காண்டிநேவிய மக்களுக்காக. லண்டன்ல 1891-ல சந்தா கட்டுன உறுப்பினர்களுக்கு மட்டும்னு தனியா நடத்துனாங்க, ஏன்னா பொதுவா போடணும்னா நாடகங்கள தணிக்கை பண்ற லார்ட் சேம்பர்லின் ஆபீஸ் அனுமதி வேணும், அது கெடைக்காது. மறுநாள் டெய்லி டெலிகிராஃப் அத தொறந்து கெடக்குற சாக்கடைன்னு திட்டுச்சு. இங்கிலாந்துல அந்த மேடைத் தணிக்கை ஒழிஞ்சது 1968-லதான்.

ஒரு குடும்ப நாடகத்த எப்டி பாக்குறது? எதுல கண்ணு வெக்கணும்?

என்ன கேட்டா யார் நல்லவங்க யார் கெட்டவங்கன்னு தேடாதீங்க, அந்த வீட்டுக்குள்ள இருக்குற காகிதத்த தேடுங்க. பத்திரம், செக், இன்ஷூரன்ஸ், ஏல நோட்டீஸ், இல்லன்னா விக்கலாமா வேணாமான்னு அடிச்சுக்குற ஒரு பொருள். ஒவ்வொரு நல்ல குடும்ப நாடகத்துலயும் அப்டி ஒண்ணு கண்டிப்பா இருக்கும், வெளி உலகம் வீட்டுக்குள்ள நுழையற வழி அதுதான். பாசமா கோபமான்னு நாம நெனச்சுட்டு இருக்குற சண்டைக்கு அடியில சட்டமும் சந்தையும் ஓடிட்டு இருக்கும்.

பொம்மை வீட்டுல கடன் பத்திரம். ரஷ்ய நாடக ஆசிரியர் செகாவோட செர்ரித் தோட்டத்துல, அது 1904 ஜனவரில மாஸ்கோ ஆர்ட் தியேட்டர்ல வந்துச்சு, ஆகஸ்ட் 22-ல ஏலம்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க, கடைசில அந்த எஸ்டேட்ல அடிமையா இருந்தவங்க மகன் லோபாகின் அத வாங்கிடுவான். டென்னஸி வில்லியம்ஸோட ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்ல ஸ்டான்லி பொண்டாட்டியோட அக்கா பெட்டிய கவுத்து சொத்து கைவிட்டுப் போன காகிதங்கள தேடுவான், லூசியானாவுல நெப்போலியன் சட்டம் இருக்கு, பொண்டாட்டிது எல்லாம் புருஷனுதுன்னு பாடம் எடுப்பான். ஆர்தர் மில்லரோட டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்ல 20,000 டாலர் இன்ஷூரன்ஸ், உசுரோட இருக்குறத விட செத்தா தனக்கு மதிப்பு ஜாஸ்தின்னு வில்லி லோமன் கணக்கு போட்டுடறான். கடைசில அவன் கல்லறைகிட்ட லிண்டா உக்காந்து, வீட்டுக் கடனோட கடைசி தவணைய இன்னிக்குதான் கட்டுனேன், வீட்ல இருக்கத்தான் யாரும் இல்லன்னு சொல்வா.

ஆகஸ்ட் வில்சனோட தி பியானோ லெசன் இதுல உச்சம். ஒரு பியானோ. அடிமை முறை காலத்துல இந்த குடும்பத்தோட முன்னோர்கள்ல ஒரு அம்மாவையும் சின்னப் பையனையும் குடுத்து வாங்குன பியானோ அது, அதுல அவங்க முகத்த அந்தக் குடும்பத்து ஆளே செதுக்கிருக்கார். தம்பி அத வித்துட்டு, எந்த நெலத்துல தன் மூதாதைங்க அடிமையா கெடந்தாங்களோ அதே நெலத்த வாங்கணுங்கறான், அக்கா முடியாதுங்கறா. ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு இன்னிக்கு வரைக்கும் என்னால முடிவு பண்ண முடியல.

எழுத்தாளர்கள் சொந்த குடும்பத்தயே மேடை ஏத்துறாங்களே, அது சரியா?

கஷ்டமான கேள்வி. யூஜீன் ஓ நீல் 1941-ல லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்ட முடிச்சார். 1912 ஆகஸ்ட் மாசம் ஒரே ஒரு நாள், காலைல டிஃபன் முடிஞ்ச நேரத்துல ஆரம்பிச்சு நள்ளிரவுல முடியும். நடிகரா இருக்குற அப்பா, மார்ஃபின் பழக்கத்துக்கு அடிமையான அம்மா, குடிக்கிற அண்ணன், டிபி வந்த தம்பி. எல்லாம் அவர் வீடு. பணம் இருந்தும் மலிவான டாக்டர பாத்ததாலதான் அம்மாவுக்கு அந்தப் பழக்கம் வந்துச்சுங்கற குத்தம் மறுபடி மறுபடி வரும், அப்பா எரியற பல்ப எண்ணி எண்ணி அணைப்பார். சின்ன வயசுலயே செத்துப் போன அண்ணன் பேரு நெஜத்துல எட்மண்ட், நாடகத்துல அத அப்டியே திருப்பி, தனக்கு எட்மண்ட்னும் செத்த கொழந்தைக்கு யூஜீன்னும் பேர் வெச்சுருக்கார். அத படிக்கிறப்ப எல்லாம் நெஞ்சு அடைக்கும். தான் செத்து 25 வருஷம் வரைக்கும் வெளியிடக்கூடாதுன்னு சொல்லி வெச்சார், அவர் 1953-ல இறந்தார், மனைவி கார்லோட்டா 1956-லயே வெளிய விட்டுட்டாங்க, அந்த வருஷம் பிப்ரவரில ஸ்டாக்ஹோம்ல முதல் தடவ மேடை ஏறுச்சு, அடுத்த வருஷம் அமெரிக்காவோட புலிட்சர் விருது. அந்த முடிவு துரோகமான்னு இப்பவும் பேசுறாங்க. எனக்கு தோணுறது, அவர் யாரையும் பழி வாங்க அத எழுதல, நாலு பேரையும் மன்னிக்கத்தான் எழுதிருக்கார், வரிக்கு வரி அது தெரியுது.

டென்னஸி வில்லியம்ஸும் அப்டித்தான். தி கிளாஸ் மெனஜரில வர்ற லாராவுக்குப் பின்னாடி இருக்குறது அவர் அக்கா ரோஸ், 1943-ல ரோஸுக்கு மூளைல லோபாட்டமி ஆபரேஷன் நடந்துச்சு, அடுத்த வருஷ கடைசில நாடகம் சிகாகோல வருது. ராயல்டில பாதிய அம்மா பேருக்கு எழுதிக் குடுத்துட்டார். குத்த உணர்ச்சியா கடனா பாசமா, எல்லாம்தான்.

கறுப்பின மக்களோட நாடகங்கள பத்தி சொல்லுங்க.

இத தனியா சொல்லியே ஆகணும். 1959 மார்ச் 11, நியூயார்க், லொரெய்ன் ஹான்ஸ்பெரியோட எ ரெய்சின் இன் தி சன். அப்ப அவங்களுக்கு வயசு 28. பிராட்வேல ஒரு கறுப்பினப் பொண்ணு எழுதுன முதல் நாடகம் அதுதான், டைரக்ட் பண்ணதும் கறுப்பினத்தவர், லாய்ட் ரிச்சர்ட்ஸ். 530 காட்சி ஓடுச்சு.

முதல் சீன பாருங்க. சிகாகோல ஒரு சின்ன ஃபிளாட், அலாரம் அடிக்குது, பாத்ரூம் வெளிய வராண்டால, பக்கத்து வீட்டுக்காரங்களோட பொது. யாருக்கு முன்னாடி யார் போறதுன்னு அவசரம். பையன் டிராவிஸ் தூங்குறது ஹால் சோஃபால. ஸ்கூலுக்கு 50 சென்ட் வேணுங்கறான், அம்மா ரூத் இல்லன்னுட்டா. அப்பா வால்டர் அவள முறைச்சுப் பாத்துகிட்டே பையில கை விட்டு 50 சென்டும் குடுத்து, இன்னொரு 50 சென்ட் சேத்துக் குடுத்து, பழம் வாங்கித் தின்னு, இல்ல டாக்ஸில போன்னு சொல்றான். கொஞ்ச நேரம் கழிச்சு வேலைக்கு கெளம்புனவன் திரும்பி வந்து, பஸ்ஸுக்கு காசு குடுன்னு அதே ரூத் கிட்ட கேட்டு நிக்கிறான். ஒரு ஆம்பளைக்கு மகன் முன்னாடி இல்லன்னு சொல்ல முடியல. வறுமை, கவுரவம், புருஷன் பொண்டாட்டி நடுவுல இருக்குற விரிசல் எல்லாம் அந்த சில்லறைக்குள்ளயே வந்துடுச்சு, யாரும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லல.

அப்புறம் வருது செத்துப் போன தாத்தாவோட இன்ஷூரன்ஸ் செக், 10,000 டாலர். பாட்டி அதுல 3,500-அ முன்பணமா கட்டி வெள்ளைக்காரங்க ஏரியால வீடு வாங்கிடுறாங்க, அங்கேர்ந்து ஒரு ஆள் வந்து ரொம்ப மரியாதையா பேசி, நீங்க வராம இருக்க நாங்க பணம் தர்றோங்கறான். இது கற்பனை மட்டும் இல்ல. ஹான்ஸ்பெரியோட அப்பா சிகாகோல இப்டி வீடு வாங்கி, கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1940-ல தீர்ப்பு வந்துச்சு. வீட்டு மேல கல்லெறிஞ்ச கூட்டத்த சின்ன வயசுலயே பாத்தவங்க அவங்க. இன ஒதுக்கல் பத்தி மேடைல ஒரு பிரசங்கம் வெச்சுருந்தா எத்தன பேர் உக்காந்து கேட்டுருப்பாங்க? அந்த குடும்பத்த முதல் சீன்லயே நமக்கு பழக்கமாக்கிட்டு, அப்புறமா அந்த ஆள கதவத் தட்ட விட்டாங்க பாருங்க, அதான் சக்தி.

இதே லாய்ட் ரிச்சர்ட்ஸ்தான் பின்னாடி ஆகஸ்ட் வில்சனோட ஃபென்சஸயும் டைரக்ட் பண்ணார், அதுக்கு 1987-ல புலிட்சர். புருஷனுக்கு வேற ஒருத்தி கிட்ட பொறந்த தாயில்லாக் கொழந்தைய ரோஸ் கைல வாங்கிட்டு, இந்தக் கொழந்தைக்கு இனிமே அம்மா உண்டு, உனக்கு பொண்டாட்டி கெடையாதுங்கற மாதிரி சொல்ற எடம் ஒண்ணு இருக்கு. வில்சன் இருபதாம் நூற்றாண்டோட ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் ஒண்ணுன்னு மொத்தம் 10 நாடகம் எழுதிருக்கார், ஒரு மக்களோட நூறு வருஷ சரித்திரம் அது.

மேடை அமைப்புலயும் நடிப்புலயும் என்ன மாத்துச்சு?

செட் விஷயத்துல ரொம்ப. 1887-ல பாரிஸ்ல ஆந்த்வான்ங்கறவர் தியேட்டர் லிப்ரங்கற நாடகக் குழுவ ஆரம்பிச்சப்ப அம்மா வீட்டு மேஜை நாற்காலியவே தள்ளுவண்டில ஏத்திட்டு வந்து மேடைல போட்டார். வரைஞ்ச திரைச்சீலைக்கு பதிலா நெஜ ரூம், அதுல ஒரு செவுத்த மட்டும் எடுத்துட்டு நாம எட்டிப் பாக்குற மாதிரி. 1949-ல டெத் ஆஃப் எ சேல்ஸ்மேனுக்கு ஜோ மீல்சினர் போட்ட வீடு பாதி எலும்புக்கூடு, வில்லிக்கு நெனப்பு பழைய காலத்துக்கு போறப்ப ஆளுங்க செவுத்துக்குள்ள பூந்து நடப்பாங்க. 2012-ல ஃப்ளோரியன் ஸெல்லரோட தி ஃபாதர்ல மறதி நோய் வந்த அப்பா, சீனுக்கு சீன் ரூம்ல இருக்குற சாமான் ஒண்ணொண்ணா காணாம போகும், நமக்கே எது எங்க இருந்துச்சுன்னு சந்தேகம் வந்துடும். அவர் தலைக்குள்ள நடக்குறத நம்மளையும் அனுபவிக்க வெச்சுடறாங்க.

நடிப்பு பத்தி சுருக்கமா: செகாவ் நாடகத்துல வாய் பேசுறது ஒண்ணு, மனசு நெனைக்கிறது ஒண்ணு. அத எப்டி நடிக்கிறதுன்னு மாஸ்கோ ஆர்ட் தியேட்டர் டைரக்டர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி தேடுனதுல வளந்ததுதான் இன்னிக்கு நாம பாக்குற இயல்பான நடிப்பு, சினிமா உட்பட.

ஒரு நாட்டு குடும்பக் கதை இன்னொரு நாட்டுல எடுபடுமா?

1983-ல மில்லர் பெய்ஜிங்குக்கே போய் மக்கள் கலை நாடகக் குழுவோட டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன சீன மொழில டைரக்ட் பண்ணார், யிங் ருவோசெங்தான் மொழிபெயர்ப்பும் வில்லி வேஷமும். சேல்ஸ்மேன்னு ஒரு வேலையே பழக்கமில்லாத ஊர்ல இது எப்டி புரியும்னு எல்லாருக்கும் பயம். புரிஞ்சுது. மகன் பெரிய ஆளா வருவான்னு கனவ அவன் தோள் மேல ஏத்தி வெக்கிற அப்பாவ அவங்களுக்கு யாரும் விளக்க வேண்டி இருக்கல.

இறக்குமதி மட்டுமே நடந்துச்சுன்னும் நெனைக்காதீங்க. சீனாவுல இருபத்தஞ்சு வயசு கூட ஆகாத சாவ் யூ 1934-ல வெளியிட்ட இடியும் மழையும் நாடகத்துல சுரங்க முதலாளி வீட்டு ரகசியங்கள் ஒரே நாள்ல வெடிக்கும், அதே நேரத்துல வெளிய தொழிலாளிங்க வேலைநிறுத்தம். இந்தில மோகன் ராகேஷோட ஆதே அதூரே, 1969, சாவித்ரியோட வாழ்க்கைல வர்ற நாலு ஆம்பளைங்களையும் ஒரே நடிகர்தான் நடிப்பார், யார் கிட்ட போனாலும் அதே ஆள்தாங்கறத அந்த அமைப்புலயே சொல்லிட்டார். மராத்தில மகேஷ் எல்குஞ்ச்வாரோட வாடா சிரேபந்தி, 1985, அப்பா செத்ததும் கூடுற அண்ணன் தம்பிங்க, இடிஞ்சுட்டு வர்ற பழைய வீடு, முன்னாடி துருப்பிடிச்சு நிக்கிற டிராக்டர், ஒளிச்சு வெச்ச நகை. மேல சொன்ன காகிதக் கணக்கு இங்கயும் அப்டியே பொருந்தும்.

சீரியல், சினிமா இதுலேர்ந்துதான் வந்துச்சா?

அமைப்பு இதுதான், ஒரே ஹால், வாசக்கதவு வழியா வர்ற பிரச்சனை, மறைச்சு வெச்ச உண்மை. ஆனா சீரியலுக்கு நாளைக்கும் கதை வேணும், அதனால எதுவும் முடியக்கூடாது. மேடைல ரெண்டு மூணு மணி நேரத்துல ஏதோ ஒண்ணு நெரந்தரமா ஒடஞ்சே ஆகணும். இந்த ஒரு வித்தியாசம்தான் எல்லாத்தையும் மாத்துது.

எப்பப் பாத்தாலும் ஹால்லயே உக்காந்து அழறாங்க, உலகத்துல எவ்ளோ பிரச்சனை இருக்குன்னு ஒரு விமர்சனம் இருக்கே?

இருக்கு, அதுல நியாயமும் இருக்கு. மில்லரே 1956-ல நவீன நாடகத்துல குடும்பம்னு ஒரு கட்டுரை எழுதி, வெளி உலகத்த மனுஷன் எப்டி தன் வீடா ஆக்கிக்கிறதுங்கறதுதான் பெரிய நாடகங்களோட கேள்வி, வீட்டுக்குள்ளயே முடிஞ்சா பத்தாதுன்னார். வெறும் ரகசியம், குடி, அழுகைன்னு ஃபார்முலாவா எழுதுறவங்களும் உண்டு. எல்லா பழியையும் அம்மா தலைல போடுற ஒரு நீண்ட பழக்கமும் உண்டு, அது எனக்கு ரொம்ப வலிக்கும். அதுக்கு கேரில் சர்ச்சிலோட டாப் கேர்ள்ஸ், 1982, ஒரு பதில் மாதிரி: கடைசி சீன் கிச்சன்ல அக்காவும் தங்கச்சியும், ஒருத்தி ஊர விட்டுப் போய் பெரிய வேலைல, இன்னொருத்தி அவ பெத்த கொழந்தைய தன் கொழந்தையா வளத்துட்டு இருக்கா. அவங்க சண்டை அப்ப பிரிட்டன் பிரதமரா இருந்த தாட்சரோட அரசியல்ல போய் முட்டும். கிச்சனும் பார்லிமெண்டும் அங்க ஒரே எடம்தான்.

குடும்பம்ங்கறதே மாறிட்டு இருக்கு, நாடகமும் மாறுதா?

மாறுது. 1958-லயே 19 வயசு ஷெலா டிலேனி எ டேஸ்ட் ஆஃப் ஹனில கர்ப்பமான சின்னப் பொண்ணும் ஓரினச்சேர்க்கையாளரான நண்பனும் சேந்து வீடு நடத்துறத காட்டிட்டாங்க. 2015-ல டோனி நாடக விருது வாங்குன ஃபன் ஹோம், லெஸ்பியன் மகளும் தன் ஆசைய வாழ்நாள் பூரா மறைச்ச அப்பாவும்.

எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?

முதல்ல எ ரெய்சின் இன் தி சன், உடனே உள்ள இழுத்துக்கும். அப்புறம் பொம்மை வீடு. செகாவ மூணாவதா வைங்க, முதல்லயே எடுத்தா ஒண்ணுமே நடக்கலயேன்னு தோணும். ஓ நீல ஒரே மூச்சுல படிக்க ஒரு நாள் ஒதுக்குங்க. 2007-ல வந்த ட்ரேஸி லெட்ஸோட ஆகஸ்ட்: ஓசேஜ் கவுண்டிய கடைசியா படிங்க, சாவு வீட்டு சாப்பாட்டு மேஜைல வர்ற அந்த சண்டைல இந்த மொத்த பரம்பரையும் கேக்கும்.

முடிஞ்சா தனியா படிக்காதீங்க, ரெண்டு பேர் உக்காந்து நோரா டோர்வால்ட் கடைசி சீன வாய் விட்டு படிச்சுப் பாருங்க. டோர்வால்ட் படிக்கிறவங்க அவன வில்லனா படிக்க வேணாம், அவன் சொல்ற ஒவ்வொண்ணையும் அவன் நெஜமா நம்பிட்டுதான் பேசுறான், அப்டி படிச்சாதான் நோராவோட பதிலுக்கு எடம் கெடைக்கும்.